நாலு பேர் போட்ட பணமும் ஒருவர்கூடப் பார்க்காத கணக்கும்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து நான் கடையைத் திறந்துகொண்டிருந்த நேரம் என் தங்கச்சியின் மகன் வந்தான். கத்தாரில் நான்கு வருடங்கள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியிருப்பவன். கையில் 15 இலட்சம் ரூபா சேமிப்பு இருக்கிறது. "மாமா, உங்களிடம் ஒரு யோசனை கேட்க வந்தேன்" என்றான். பேச ஆரம்பித்த பிறகுதான் விளங்கியது, அவன் யோசனை கேட்க வரவில்லை, முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்று.

கையடக்கத் தொலைபேசியை எடுத்துக் காட்டினான். வெளிநாட்டு நாணய வியாபாரமாம். பணத்தைப் போட்டால் மாதம் நூற்றுக்குப் பத்து வீதம் இலாபமாம். "ஊரில் முப்பது பேருக்கு மேல் போட்டிருக்கிறார்கள் மாமா. எல்லாரும் மாதாமாதம் எடுக்கிறார்கள்" என்றான்.

நான் ஒரு கேள்விதான் கேட்டேன். "அந்த முப்பது பேரில் எத்தனை பேருக்கு அந்தப் பணம் எங்கே, எப்படி உழைக்கிறது என்று தெரியும்?"

சிறிது நேரம் யோசித்தான். பிறகு சொன்னான்: "இத்தனை பேர் சும்மாவா போடுவாங்க, மாமா?"

எனக்கு நெஞ்சு ஒருகணம் நின்றது போல் இருந்தது. ஏனென்றால் 2007 ஆம் ஆண்டு, இதே கடையில், இதே மேசைக்கு முன்னால் இருந்து இதே வார்த்தையை நான் சொன்னேன். அதுவும் அவனுடைய உம்மாவிடம் சொன்னேன். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் கதையை நானும் தங்கச்சியும் இதுவரை அவனிடம் சொன்னதில்லை. அன்று சொன்னேன். வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் இந்த வாரம் இப்பத்தியில் அதை எழுதுகிறேன்.

2007 இல் நடந்தது

தங்கச்சியின் கணவர் திடீரென மௌத்தானார். அவர் ஓட்டிய வேனையும் கூட்டுக் கடையில் அவருக்கிருந்த பங்கையும் விற்று 7 இலட்சம் ரூபா சேர்ந்தது. இரண்டு பிள்ளைகளை வளர்க்க அவளிடம் இருந்தது அவ்வளவுதான். அந்தப் பணத்தை எங்கே போடலாம் என்று அவள் என்னிடம் கேட்டாள். வியாபாரம் தெரிந்த நானா என்ற நம்பிக்கை.

அந்த நாட்களில் ஒருவர் எமது பகுதியில் பணம் திரட்டிக்கொண்டிருந்தார். இறக்குமதி வியாபாரம் செய்வதாகவும், போட்ட பணத்துக்கு மாதம் மூன்று வீதம் இலாபப் பங்கு தருவதாகவும் சொன்னார். வட்டி அல்ல, இலாபம் என்பதால் எங்கள் ஆட்களுக்கும் மனம் இலகுவாகிவிட்டது. பள்ளிவாசலுக்கு அருகே கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார் போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நிதானமான மனிதர், ஐந்து சதத்தையும் எண்ணிச் செலவழிப்பவர். அவரே போட்டிருக்கிறார் என்றால் நான் ஏன் யோசிக்க வேண்டும்? தங்கச்சியின் 7 இலட்சத்தையும் என்னுடைய 3 இலட்சத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எட்டு மாதங்கள் தவறாமல் பணம் வந்தது. தங்கச்சிக்கு மாதம் 21,000 ரூபா. ஒன்பதாவது மாதம் "கப்பல் தாமதம்" என்றார்கள். பத்தாவது மாதம் அலுவலகம் பூட்டியிருந்தது.

வந்ததைக் கழித்தால் தங்கச்சிக்கு நட்டம் 532,000 ரூபா. அதை மாதம் 10,000 வீதம் கடையிலிருந்து எடுத்து அடைத்தேன். நான்கரை வருடங்கள் சென்றன. அவள் ஒருநாளும் என்னைக் குறைசொல்லவில்லை. "நானா, நீங்களும் தானே போட்டீங்க" என்று மட்டும் சொன்னாள். அது ஏச்சை விடப் பாரமாக இருந்தது.

வட்டமாகச் சுற்றிய நம்பிக்கை

பணம் போன பிறகு ஒரு நாள் மாலை, பாதிக்கப்பட்ட நாங்கள் நான்கு பேர் தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தோம். பேச்சுவாக்கில் புடவைக் கடைக்காரரிடம், "நீங்கள் எதைப் பார்த்துப் போட்டீர்கள்?" என்று கேட்டேன். "உங்களைப் பார்த்துத்தான்" என்றார். நான் ஹாஜியாரைப் பார்த்துப் போட்டேன். ஹாஜியாரிடம் கேட்டால், ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் போட்டதால் தானும் போட்டதாகச் சொன்னார். அந்த அதிபர் எங்களுக்குப் பக்கத்தில்தான் இருந்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "நீங்கள் கணக்கில் கறாரான ஆள். நீங்கள் போடப் போகிறீர்கள் என்று யாரோ சொன்னார்கள். அதனால்தான் போட்டேன்."

நான்கு புத்திசாலிகள் ஆராய்ந்து ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்று ஊர் நினைத்தது. உண்மையில் ஒருவர்கூட ஆராயவில்லை. நான்கு அபிப்பிராயங்கள் என்று நாம் எண்ணியதில் ஒரு அபிப்பிராயம்கூட இருக்கவில்லை.

வியாபாரத்தில் சுயமாகச் சிந்திப்பது பற்றி நான் கற்ற முதல் பாடம் இதுதான். எத்தனை பேர் ஒரு காரியத்தைச் செய்கிறார்கள் என்பது ஆதாரமல்ல. அவர்களில் எத்தனை பேர் தாங்களாகவே பார்த்தறிந்து செய்கிறார்கள் என்பதுதான் ஆதாரம்.

எனக்கு இன்றும் வெட்கமாக இருப்பது இன்னொரு விடயம். நான் மிளகும் கராம்பும் ஏலமும் வாங்கி விற்பவன். என் கடையில் எந்த இரண்டு மாதமும் ஒரே இலாபம் வந்ததில்லை. றமழான் மாதம் ஒரு மாதிரி, அதற்கடுத்த மாதம் வேறு மாதிரி. அறுவடைக் காலத்தில் ஒரு விலை, மழைக் காலத்தில் இன்னொரு விலை. அப்படியிருக்க, இறக்குமதி செய்யும் ஒருவர் எட்டு மாதமும் ஒரு ரூபா கூடாமல் குறையாமல் மூன்று வீதம் தருகிறார் என்றால் அது வியாபார இலாபமாக இருக்க முடியுமா? இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு எனக்குப் படிப்பு தேவைப்படவில்லை. என் கடைக் கொப்பியே போதும். ஆனால் நான் கேட்கவில்லை. என் அறிவை ஹாஜியாரின் வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

பெரியவர்களும் விழுந்த குழி

இது சிற்றூர்க் கதை மட்டுமல்ல. 2008 டிசம்பரில் கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி வீழ்ந்தபோது, அதில் பணம் வைப்பிலிட்டிருந்தவர்கள் ஏறத்தாழ 9,000 பேர். தொகை சுமார் 2,600 கோடி ரூபா. படித்தவர்கள், உயர்பதவி வகித்தவர்கள், ஓய்வூதியக்காரர்கள் பலரும் அதில் இருந்தார்கள். பொதுமக்களிடம் வைப்புப் பெறுவதற்கு அந்தக் கம்பனி மத்திய வங்கியின் அனுமதி பெற்றிருக்கவில்லை. பெரிய குழுமமொன்றின் பெயர் பின்னால் இருந்ததே பலருக்கும் போதுமாக இருந்தது.

முறையான சந்தையிலும் இது நடக்கும். 2008 முடிவில் கொழும்பு பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 1,500 அளவில் இருந்தது. யுத்தம் முடிந்த 2009 இல் அது 125 வீதத்தால் உயர்ந்தது. 2010 இல் மேலும் 96 வீதம். 2011 பெப்ரவரியில் 7,800 ஐத் தொட்டது. 2009 இன் ஆரம்பத்தில் வாங்கியவர்களிடம் ஒரு காரணம் இருந்தது. 2011 இல் வாங்கியவர்களில் பலரிடம் இருந்த ஒரே காரணம், மற்றவர்கள் இலாபம் எடுத்தார்கள் என்பதுதான். அந்த வருட முடிவில் சுட்டெண் 6,100 க்கும் கீழே வந்தது. 2012 இல் 5,000 க்கும் கீழே சென்றது. என் நண்பரான ஆசிரியர் ஒருவர் உச்ச விலையில் வாங்கினார். எந்தக் கம்பனியின் பங்கு என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். அது என்ன தொழில் செய்கிறது என்று கேட்டேன். தெரியவில்லை.

கோப்பி போன கதை

எமது கண்டிப் பகுதியிலேயே இதற்குப் பெரிய பாடமொன்று இருக்கிறது. இன்று தேயிலை நிற்கும் மலைகளில் ஒரு காலத்தில் கோப்பி நின்றது. இலங்கையின் செல்வம் என்றாலே அக்காலத்தில் கோப்பிதான். 1869 இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறத்தில் துருப் போன்ற ஒரு நோய் தென்பட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த த்வெயிட்ஸ் அந்த இலைகளைப் பரிசோதனைக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்.

எச்சரிக்கை அன்றே கிடைத்துவிட்டது. ஆனால் தோட்டக்காரர்கள் என்ன செய்தார்கள்? 1870 களில் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறியது. விளைச்சல் குறைந்தாலும் விலை ஏறியதால் கையில் பணம் வந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டக்காரரும் கோப்பியே நடுகிறார், வங்கியும் கோப்பிக்கே கடன் தருகிறது. ஆகவே காடுகளை வெட்டி மேலும் மேலும் கோப்பி நட்டார்கள். 1880 களின் தொடக்கத்தில் எல்லாம் சரிந்தது. கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் பாங்க் கோப்பரேஷன் 1884 இல் வீழ்ந்தது. அந்த வங்கியின் நோட்டுகளே இங்கு மக்கள் கையில் புழங்கியதால் அரசாங்கம் அவற்றுக்குப் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. அரசாங்கமே நாணய நோட்டுகளை வெளியிடும் முறை அதன் பிறகுதான் வந்தது.

கோப்பியை விட்டவர்கள் பலர் அடுத்ததாக சிங்கோனா மரத்துக்குப் பாய்ந்தார்கள். கொயினா மருந்து எடுக்கும் பட்டை அது. ஒருவர் நட்டு நல்ல விலை பெற்றார் என்றதும் எல்லோரும் நட்டார்கள். சரக்குக் குவிந்தது, விலை விழுந்தது. ஒரு கூட்டத்திலிருந்து விலகி இன்னொரு கூட்டத்தில் சேர்ந்தார்களே தவிர, சிந்திக்கும் முறை மாறவில்லை.

இனி மற்றப் பக்கத்தைப் பாருங்கள். ஹேவாஹெட்டைப் பகுதியில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இலேயே 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அந்த நேரத்தில் கோப்பி நோய் வரவே இல்லை. கோப்பி அமோகமாக இருந்த காலம். பங்களா விறாந்தையில் மேசை மேல் கொழுந்தை வைத்துக் கையால் உருட்டிப் பதம் பார்த்தார். 1873 இல் இலண்டனுக்குப் போன இலங்கைத் தேயிலை 23 இறாத்தல் மட்டுமே. 1890 களின் நடுப்பகுதியில் தேயிலை நின்ற நிலம் சுமார் மூன்று இலட்சம் ஏக்கர்.

இதில் நான் கவனித்தது இரண்டு. ஒன்று, அவர் கோப்பியைப் பிடுங்கிவிட்டு முழுத் தோட்டத்திலும் தேயிலை நடவில்லை. தோட்ட உரிமையாளர்களின் சம்மதத்தோடு, 19 ஏக்கரில் பரீட்சித்துப் பார்த்தார். தவறினால் தாங்கக்கூடிய அளவு. இரண்டாவது, நல்ல காலத்திலேயே பரீட்சித்தார். கையில் பணமும் மனதில் நிதானமும் இருக்கும்போதுதான் மனிதனால் சொந்தமாக யோசிக்க முடியும். தலைக்கு மேல் வெள்ளம் வந்த பிறகு எந்தக் கொப்பு கிடைத்தாலும் பிடித்துக்கொள்வோம்.

எதிர்த்து நடப்பது சிந்தனையல்ல

இங்கே ஒரு எச்சரிக்கை. சுயமாகச் சிந்திப்பது என்றால் எல்லோரும் கிழக்கே போனால் நான் மேற்கே போவேன் என்பதல்ல. அந்தத் தவறையும் நான் செய்திருக்கிறேன்.

2016 இல் மிளகு கிலோ 1,000 ரூபாவைத் தாண்டியிருந்தது. விலை இறங்கத் தொடங்கியதும் பக்கத்துக் கடைக்காரர்கள் விற்றார்கள். கூட்டத்தைப் பின்பற்றுவதில்லை என்று எனக்குள் ஒரு பெருமை. நான் விற்கவில்லை, மூட்டைகளை அடுக்கி வைத்தேன். வியட்நாமில் மிளகுச் செய்கை பெருகி உலகச் சந்தையில் சரக்குக் குவிகிறது என்ற செய்தியைப் பத்திரிகையில் வாசித்தும் அலட்சியப்படுத்தினேன். 2019 ஆகும்போது விலை ஏறத்தாழ பாதியாகிவிட்டது. வைத்திருந்த சரக்கில் எடையும் குறைந்தது, ஒரு பகுதியில் பூஞ்சணமும் பிடித்தது. அன்று விற்றவர்கள் கூட்டத்தைப் பார்த்து விற்றார்களோ என்னவோ, அவர்கள் செய்தது சரி. கூட்டத்துக்கு எதிராக நின்ற நானும் கூட்டத்தைப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன். சரக்கைப் பார்க்கவில்லை.

அதேபோல், பிறரிடம் ஆலோசனை கேட்பதும் சுயசிந்தனைக்கு எதிரானதல்ல. மஷூரா செய்வது எமது வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் ஆலோசனை கேட்கும்போது "நீங்கள் போட்டீர்களா?" என்று கேட்பதில் பயனில்லை. "நீங்கள் என்ன பார்த்தீர்கள்? எதை விசாரித்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். 2007 இல் ஹாஜியாரிடம் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டிருந்தால் அந்த நேர்மையான மனிதர் "ஒன்றும் பார்க்கவில்லை" என்று உண்மையைச் சொல்லியிருப்பார்.

கொப்பியில் எழுதவேண்டிய ஐந்து கேள்விகள்

மருமகனிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து ஐந்து கேள்விகளை எழுதச் சொன்னேன். பணம் போடுமுன் பதிலையும் கையால் எழுத வேண்டும். வாயால் சொல்லும்போது நழுவிப் போவதெல்லாம் எழுதும்போது அகப்பட்டுவிடும்.

1. இந்தப் பணம் எங்கே, எதனால் உழைக்கிறது? பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்குமாறு இரண்டு வரியில் எழுத முடியாவிட்டால் எமக்கே விளங்கவில்லை என்று அர்த்தம்.

2. சொல்லும் இலாபத்தைப் பெருக்கிப் பார்த்தேனா? மாதம் பத்து வீதத்தை எடுக்காமல் அதிலேயே விட்டால் ஒரு இலட்சம் ஒரு வருடத்தில் 3 இலட்சத்து 13 ஆயிரமாகும். மருமகனின் 15 இலட்சம் ஐந்து வருடத்தில் 45 கோடியைத் தாண்டும். பத்து வருடத்தில் 13,900 கோடி. உலகில் எந்த வியாபாரம் அப்படி வளர்கிறது? அப்படி உழைக்கத் தெரிந்தவர் வங்கியில் கடன் எடுத்து உழைப்பாரே, எங்கள் ஊர்ப் பையனின் 15 இலட்சம் அவருக்கு எதற்கு?

3. இதுவரை கொடுத்த பணம் எங்கிருந்து வந்திருக்கலாம்? முப்பது பேர் ஆளுக்கு 5 இலட்சம் கொடுத்தால் 150 இலட்சம். மாதம் பத்து வீதம் என்றால் 15 இலட்சம். எந்த வியாபாரமும் செய்யாமல், அவர்களுடைய பணத்தையே அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துப் பத்து மாதம் ஓட்டலாம். புதியவர்கள் சேர்ந்தால் இன்னும் நீளும். ஆகவே "எல்லாரும் எடுக்கிறார்கள்" என்பது எதையும் நிரூபிப்பதில்லை.

4. எனக்குச் சொல்பவருக்கு இதில் என்ன கிடைக்கிறது? ஆள் சேர்த்தால் தரகு கிடைக்குமென்றால் அவரை ஆலோசகராக அல்ல, விற்பனையாளராகப் பாருங்கள். ஆள் சேர்ப்பதிலிருந்தே வருமானம் வரும் பிரமிட் திட்டங்கள் 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் இலங்கையில் தடைசெய்யப்பட்டவை. 2023 இல் மத்திய வங்கி இத்தகைய பல நிறுவனங்களினதும் செயலிகளினதும் பெயர்களைப் பகிரங்கமாக வெளியிட்டது. அனுமதி பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பட்டியலையும் மத்திய வங்கி வெளியிடுகிறது. அங்கே வைக்கும் வைப்புகளுக்கு 2021 முதல் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரை காப்புறுதி உண்டு. பட்டியலில் இல்லாதவரிடம் கொடுத்த பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

5. நான் நினைப்பது பிழை என்றால் எவ்வளவு இழப்பேன்? யாருடைய பணத்தை இழப்பேன்? இந்தக் கடைசிக் கேள்வியை 2007 இல் நான் என்னிடம் கேட்டிருந்தால் தங்கச்சியின் பணத்தை அந்த வாசலுக்குக் கொண்டுபோயிருக்க மாட்டேன்.

மருமகன் கேட்ட கேள்வி

அவன் கொப்பியை எடுத்துக்கொண்டு போய் ஒரு வாரத்தால் வந்தான். முதற் கேள்விக்கு எதிரே ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை. "எழுத முடியவில்லை, மாமா" என்றான். பணத்தைப் போடவும் இல்லை. அந்தத் திட்டம் இன்று வரைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஊரில் சிலர் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சுயமாகச் சிந்திப்பவன் கொஞ்சக் காலம் முட்டாளாகத் தெரியவும் தயாராக இருக்க வேண்டும்.

நான் சந்தோஷப்பட்டு, "அப்படியென்றால் என் கடையில் பங்காளியாகச் சேர்" என்றேன். அவன் உடனே ஒத்துக்கொள்வான் என்று எதிர்பார்த்தேன். கொப்பியைத் திருப்பி ஒரு புதிய பக்கத்தை எடுத்தான். "உங்களிடமும் இந்த ஐந்தையும் கேட்கலாமா, மாமா?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கேட்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே. கணக்குப் புத்தகங்களைக் கொடுத்தேன். இரண்டு நாள் இருந்து பார்த்தான். வரவேண்டிய கடன் என்று நான் சொத்தோடு சேர்த்து எழுதிவந்த தொகையில் 4 இலட்சத்துக்கு மேல் மூன்று வருடத்துக்கு முந்தியது. "இதெல்லாம் இனி வருமா, மாமா?" என்று கேட்டான்.

வராது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் வருடாவருடம் எழுதி வந்திருக்கிறேன். அன்று பேனையை எடுத்து அதை வெட்டினேன். மீதித் தொகையை வைத்து அவனுடைய பங்கைக் கணக்கிட்டு, 15 இலட்சத்தில் 5 இலட்சத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன். ஒரு வருடம் பார்த்துவிட்டு மீதியைப் பற்றிப் பேசலாம் என்று அவனே சொன்னான்.

இதை வாசிக்கும் நீங்களும் நான் எழுதியதால் மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டாம். ஒரு கொப்பியை எடுங்கள். இப்போது உங்கள் பணம் இருக்கும் இடங்களை ஒவ்வொன்றாக எழுதி முதலாவது கேள்வியைக் கேளுங்கள். பதில் எழுத முடியாத இடம் எது என்று பாருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் கடன் கொடுத்து வியாபாரம் செய்வதிலுள்ள கணக்கைப் பற்றிப் பேசுவோம். அதில் என் 4 இலட்சத்தின் கதையும் வரும்.